இடுக்கு விடாத கதவு

அந்த ஊரில் கதவுகள் வருஷத்துக்கு இரண்டு முறை மனம் மாறும். வெயில் காலம் முடிகிற சமயத்தில் எல்லாக் கதவும் முறுக்கிக்கொண்டு நிற்கும். தோளால் இடித்தால்தான் திறக்கும். குளிர் இறங்கி நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு அதே கதவுகள் தொளதொளவென்று ஆகி, அடியில் விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு விடும். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வருஷம் வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். இரண்டாம் வருஷம் இழைப்புளியைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

இழைப்புளி என்பது மரம் சீவும் கருவி. அதைக் கையில் வைத்துக்கொண்டே ஊரைச் சுற்றியதால் அந்தத் தச்சருக்கும் அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார் என்று கேலி செய்வார்கள். நெடுநெடுவென்று உயரம், காதில் பென்சில், சட்டைப் பையில் மட்டம் பார்க்கும் ரசமட்டம். ஒரு கதவைச் சீவி முடித்ததும் அந்த விளிம்பில் கட்டைவிரலை மேலிருந்து கீழ்வரை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். எங்கேயும் இடறவில்லை என்றால், “வேலை சுத்தம்” என்று சொல்லிவிட்டுத்தான் கருவிகளைப் பையில் போடுவார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

கதவுகள் பண்ணும் சேட்டைக்குக் காரணம் நிலத்தடியில் இருந்தது. அந்த ஊர் ஒரு எரிவாயுக் கிடங்கின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. கிடங்கு என்றால் நான்கு சுவரும் ஒரு கூரையும் என்று நினைத்துக்கொண்டு பார்க்கப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். வேலி போட்ட ஒரு திடல், திடலில் ஆளுயரத்துக்குக் குழாயும் சக்கரமுமாக முளைத்து நிற்கும் கிணற்றுத் தலைகள், ஒரு நீள ஷெட்டுக்குள் ஓயாமல் உறுமும் கம்ப்ரசர்கள், அவ்வளவுதான். சரக்கு முழுக்க அடியில், பாறைக்குள். ஒரு காலத்தில் அந்தப் பாறையிலிருந்துதான் வாயு எடுத்தார்கள். எடுத்துத் தீர்ந்த பிறகு, காலி இடத்தை வீணாக்குவானேன் என்று வேறு காரியத்துக்கு வைத்துக்கொண்டார்கள். வெயில் காலத்தில் யாருக்கும் அவ்வளவாக வேண்டாத வாயுவைத் தூரத்துக் குழாயிலிருந்து வாங்கி உள்ளே அழுத்தி வைப்பது. குளிர் வந்து ஊர் ஊராகக் கணப்புகள் எரியத் தொடங்கியதும் எடுத்துக் கொடுப்பது. ரஸ்க் டீயை உறிஞ்சுகிற மாதிரி பாறை அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உறிஞ்சிய ரஸ்க் கொஞ்சம் ஊதும் இல்லையா? அதே மாதிரி கிடங்கு நிறையும்போது மேலே இருக்கும் தரையும் கொஞ்சம் எழும்பும். காலியாகும்போது இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, கதவுக்குத் தெரியும்.

ஊர்க்காரர்கள் ஒரு சமயம் திரண்டு போய்க் கிடங்கு வாசலில் சத்தம் போட்டார்கள். தரை எழும்புவதை நிறுத்த நிர்வாகத்தால் முடியாது. ஊர் வாயை மூடத்தான் முடியும். அதற்கு அவர்கள் கண்ட வழி, ஒரு தச்சரை வேலைக்கு வைத்தது. அப்படித்தான் இழைப்புளி கிடங்கு ஊழியரானார். நிறையும் காலத்தில் கதவைச் சீவுவது, காலியாகும் காலத்தில் இடுக்குக்கு ரப்பர் பட்டை அடிப்பது. அடுத்த வருஷம் அதையே மறுபடியும். “இந்த வேலைக்கு முடிவே கிடையாது, அதனால எனக்கு வேலை போகாது” என்று சொல்லிச் சிரிப்பார். அவர் சீவியது ஒவ்வொன்றும் அடியில் நடப்பது மேலே தெரியாமல் இருப்பதற்குத்தான் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவருக்கு ஒரே மகள். மனைவி இறந்துபோனபோது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. தலை பின்னிவிடத் தெரியாமல், கயிறு திரிக்கிற மாதிரி திரித்து விட்டு அனுப்புவார். வகுப்பில் எல்லோரும் சிரிக்க, அவள் அழுதுகொண்டு திரும்பி வருவாள். மறுநாள் அவளே பின்னக் கற்றுக்கொண்டாள். அப்படி ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வளர்ந்த வீடு அது. அவளைக் கட்டிக்கொண்டவன் குழாய்ப் பாதை போடும் வேலைக்காரன். மாசக்கணக்கில் எங்கோ வனாந்தரத்தில் கிடப்பான். மகளும் கைக்குழந்தையும் தனியாகத்தான் இருந்தார்கள். அதனால் இழைப்புளிக்குக் கண் எப்போதும் அந்த வீட்டின் மேல்.

வீடு கீழ்வரிசையில் இருந்தது. திடலிலிருந்து சரிந்து இறங்கும் தெருவின் ஒரு பக்கம் முழுக்க வரிசையாக வீடுகள். சரிவின் மேல்முனையில் முதல் வீடு மகளுடையது. கீழ்முனையில் கடைசி வீடு தையல்காரருடையது. தையல்காரர் தனிக்கட்டை. இழைப்புளிக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. ஆனால் “மச்சான்” என்றுதான் கூப்பிடுவார். அந்த முறையில் மகள் அவருக்கு மருமகள் ஆனாள். குழந்தைக்குச் சட்டை தைத்துத் தைத்து, பிள்ளை வளர்கிற வேகத்தைவிடச் சட்டை வேகமாகப் பெருகியது.

மகளுடைய வீட்டு வாசலுக்கு இழைப்புளி தன் கையாலேயே கதவு செய்தார். வைரம் பாய்ந்த கட்டை. ஊரில் வேறு யாருக்கும் அப்படி ஒரு கதவு கிடையாது. ஆனால் அதுவும் மற்றக் கதவுகளைப் போலவே இறுகும் காலத்தில் இறுகி, தளரும் காலத்தில் இடுக்கு விட்டது. அது அவருக்குப் பெரிய தலைகுனிவாகப் போயிற்று. ஊர்க் கதவெல்லாம் சரிசெய்கிறவனுக்குத் தன் பெண் வீட்டுக் கதவு அடங்கவில்லையே! குளிர்காலம் பூராவும் அந்த இடுக்கு வழியாகக் காற்று சீறிக்கொண்டு வந்து குழந்தையின் தொட்டிலைத் தொடும். போன வெயில் காலத்தில் ஒரு முடிவுக்கு வந்தார். நிலையைப் பெயர்த்து மறுபடி நிறுத்தி, இரண்டு கீல் இருந்த இடத்தில் நடுவில் மூன்றாவது கீல் போட்டார். அதைப் பார்த்துப் பக்கத்து வீடு கேட்டது, அதற்கடுத்த வீடு கேட்டது, கடைசியில் தையல்காரரும் கேட்டார். கீழ்வரிசை முழுக்க மூன்று கீல் கதவாயிற்று.

அந்தக் குளிர்காலத்தில் அதிசயம் நடந்தது. கிடங்கிலிருந்து வாயுவை எடுக்கத் தொடங்கி, வழக்கம்போல ஊர் முழுக்கக் கதவுகள் தளர்ந்தன. மேல்தெருவிலும் சந்தைத் தெருவிலும் இழைப்புளிக்கு நிற்க நேரமில்லை. ஆனால் கீழ்வரிசையில் ஒரு கதவும் இடுக்கு விடவில்லை. கச்சிதமாக, ஒரு காகிதம்கூட நுழையாமல் நின்றன.

இழைப்புளிக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலை பார்க்கிற வீடெல்லாம் மூன்றாவது கீலின் பெருமையைப் பேசினார். போதாததற்குக் கீழ்வரிசைக் கதவுகளுக்குச் சுற்றிலும் ரப்பர் பட்டையும் அடித்துக் கொடுத்தார். “காத்து மட்டும் இல்ல, சத்தம்கூட உள்ள வராது. தெருவுல இடி விழுந்தாலும் நீங்க பாட்டுக்குத் தூங்கலாம்” என்றார்.

“ஏன் மச்சான், இது கதவா, இல்ல பாட்டில் மூடியா?” என்றார் தையல்காரர்.

“உனக்குப் பொறாமை. ஒரு சட்டை இப்படிப் பொருத்தமா தைச்சிருக்கியா வாழ்க்கையில?”

மகளுக்கும் சந்தோஷம்தான். “குழந்தை இப்ப நல்லா தூங்குதுப்பா. எழுப்பினாகூட எழுந்திருக்க மாட்டேங்குது” என்றாள். அவர் அதைக் கேட்டுக் கண் நிறையச் சிரித்தார்.

சின்னச் சின்னதாக வேறு சிலதும் நடந்தன. எல்லாவற்றுக்கும் கீழ்வரிசையில் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. குளிர் வருவதற்கு முன்பே வீடுகளின் பின்சுவர் ஓரமாக இருந்த புல் கருகிப் போயிற்று. பக்கத்துப் புல் பச்சையாக இருக்க, இது மட்டும் நீளமாக ஒரு பட்டை. தையல்காரர் கஞ்சித் தண்ணீரைக் கொட்டுகிறார் என்று எல்லோரும் அவரைத் திட்டினார்கள். அவர் கஞ்சித் தண்ணீரே வைத்துக்கொள்வதில்லை. மழை பெய்தால் வாசலில் தேங்கும் தண்ணீரில் கொப்புளம் கொப்புளமாக வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் அதில் குதித்து விளையாடினார்கள்.

“அப்பா, வாசல் தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கு” என்றாள் மகள்.

“குளிர்ல தண்ணி கொதிக்குமாம்மா? மண்ணுக்குள்ள இருக்கிற காத்து வெளிய வருது. வேற ஒண்ணும் இல்ல.”

வேறு ஒன்றும் இல்லைதான். அந்தக் காற்று என்ன காற்று என்பதுதான் கேள்வி. எரிவாயு கசிந்தால் நாறும் என்பது அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். கொஞ்சம் வந்தாலும் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவிடுவார்கள். ஆனால் அந்த நாற்றம் வாயுவின் சொந்தச் சரக்கு அல்ல. கிடங்கிலிருந்து ஊர்களுக்குப் போகும் வாசலில்தான் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து அனுப்புகிறார்கள். பாறைக்குள் இருப்பதற்கு நாற்றமே கிடையாது. இது கிடங்கில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். இழைப்புளிக்கும் தெரியும். தெரிந்தும் கீழ்வரிசையோடு சேர்ந்து அவரும் மூக்கைத்தான் நம்பினார்.

மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்தாள். கிளம்பும்போது இழைப்புளியே கூட நின்று, ஜன்னலெல்லாம் சாத்தியாயிற்றா என்று இழுத்துப் பார்த்து, கதவை அழுத்திப் பூட்டிச் சாவியைக் கொடுத்தார். “நீ வர்ற வரைக்கும் ஒரு பொட்டுக் குளிர் உள்ள போகாது” என்றார். அவள் இல்லாத நாள்களில்தான் அந்த வருஷத்தின் முதல் கடும் உறைபனி விழுந்தது. தரை கல்லாகிவிட்டது. மண்வெட்டியால் கொத்தினால் டணாரென்று சத்தம் வந்தது.

மகள் பஸ்ஸில் திரும்பி வருகிற நாள் காலையில் தையல்காரர் இழைப்புளியைத் தேடிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது.

“மச்சான், உன் கதவு என்னை உள்ளேயே வெச்சுப் பூட்டிடுச்சு. ஜன்னல் வழியா எறங்கி வந்தேன். இந்த வயசுல திருடன் மாதிரி ஜன்னல்ல குதிக்க வெச்சுட்டியே.”

“இறுகிடுச்சா? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு.”

“நேத்தே மொனகிச்சு. இன்னிக்கு அசையவே மாட்டேங்குது.”

இழைப்புளி போய்ப் பார்த்தார். கதவு மேல்மூலையில் நிலையைக் கடித்துக்கொண்டிருந்தது. உறைபனியில் மரம் முறுக்கியிருக்கும் என்று அவரே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் குளிரில் கதவு இறுகி அவர் பார்த்ததே இல்லை. அது ஒரு கணம் மனதில் உறுத்தத்தான் செய்தது. ஆனால் கையில் இழைப்புளி இருந்தது, எதிரில் இறுகிய கதவு இருந்தது. கை தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. கீலைக் கழற்றி, கதவை இறக்கி, விளிம்பைச் சீவினார். வெள்ளை வெளேரென்று சுருள் சுருளாக வாசற்படியில் விழுந்தது. ரப்பர் பட்டையை மறுபடி அடித்துக் கதவை மாட்டினார். ஒற்றை விரலால் தள்ளினால் போதும், எண்ணெய் விட்ட மாதிரிப் போய்ச் சாத்திக்கொண்டது. கட்டைவிரலை விளிம்பில் ஓட்டினார்.

“வேலை சுத்தம்.”

வாசலில் தேங்கிய தண்ணீர் உறைந்து பலகையாகியிருந்தது. அதற்குள் வட்ட வட்டமாகக் குமிழ்கள் சிறைப்பட்டு நின்றன, ஒன்றின்மேல் ஒன்றாக. தையல்காரர் காலால் தட்டிக் காட்டினார். “பாரு மச்சான், எனக்குச் சட்டைப் பித்தான் செஞ்சு வெச்சிருக்கு.” இரண்டு பேரும் சிரித்தார்கள். தையல்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த தன் கடைக்குப் போனார். போகும்போது, “மருமக இன்னிக்கு வர்றாளா?” என்று கேட்டார். “மத்தியான பஸ்ல” என்றார் இழைப்புளி. “அவ கதவையும் ஒரு எட்டுப் பாத்துடு” என்றார் தையல்காரர். “என் பொண்ணு கதவுக்கு ஒண்ணும் வராது” என்றார் இழைப்புளி.

அங்கிருந்து நேராகக் கிடங்குக்குப் போனார். ரப்பர் பட்டை தீர்ந்துவிட்டிருந்தது. பண்டக அறைச் சாவி மேற்பார்வை அம்மாவிடம் இருக்கும். கிணறுகளும் அழுத்தமும் அந்த அம்மாவின் பொறுப்பு. அன்று அவர் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தார். கையருகே டீ ஆறிக்கொண்டிருந்தது.

“என்ன மேடம், மெஷின் மேல கோவமா?”

“கணக்கு உதைக்குதுண்ணே. வெயில் காலத்துல உள்ள போட்டதுல இவ்வளவு எடுத்தா இவ்வளவு மிச்சம் இருக்கணும். இல்ல. மீட்டர்தான் தப்பு காட்டுதுன்னு மாத்திப் போட்டோம், அதுவும் அதையேதான் சொல்லுது.” பெருமூச்சு விட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். “நீங்க சொல்லுங்க. ஊர் பூரா இடுக்கு அடைச்சாச்சா?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி இழைப்புளி ஆரம்பித்தார். “கீழ்வரிசைக்கு மட்டும் நான் தேவையே இல்ல மேடம். மூணாவது கீல் போட்டேன் பாருங்க, ஒரு கதவு இடுக்கு விடணுமே! இடுக்கு விடாதது மட்டுமா? இன்னிக்கு ஒரு கதவு இறுகியே போச்சு. சீவி விட்டுட்டு வர்றேன்.”

அந்த அம்மா சிரிக்க வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை.

“இறுகிச்சா? இப்பவா?”

“ஆமா.”

“அண்ணே, கிடங்கு பாதிக்கு மேல காலி. ஊர் முழுக்கத் தரை எறங்கியிருக்கு. அப்ப கீழ்வரிசை மட்டும் எப்படி எறங்காம நிக்குது?”

“அதான் மேடம், மூணாவது கீல்...”

“கீல் கதவைத் தாங்கும். தரையைத் தூக்குமா?”

அந்த அம்மா எழுந்து சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். தரை மட்டம் பார்க்கும் கம்பங்கள் ஊர் முழுக்க நட்டிருப்பதாக அதில் குறித்திருந்தது. கீழ்வரிசையில் ஒன்றுகூட இல்லை. குரலை உயர்த்தாமல், திரும்பிப் பார்க்காமல் கேட்டார். அங்கே புல் எப்படி இருக்கிறது? கருகிவிட்டது என்றார் இவர். தண்ணீர் தேங்கினால்? கொப்புளம் வரும் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே தன் குரல் வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

“அந்தச் சரிவுல பழைய வாயுக் கெணறு ஒண்ணு இருந்துச்சும்பாங்க. கிடங்கு வர்றதுக்கு முன்னாடி மூடினது. அந்த அடைப்பு விட்டிருக்கணும்.” அந்த அம்மாவின் முகம் வெளிறிப் போயிருந்தது. “உள்ளேர்ந்து ஏறி வந்து கீழ்வரிசைக்கு அடியிலயே தங்குது. இத்தனை நாள் மண்ணு வழியா மேல போயிட்டிருந்துச்சு. இப்ப மண்ணு உறைஞ்சு மூடிக்கிச்சு. இனிமே அதுக்கு ஒரே வழிதான். வீட்டுக்குள்ள.”

வீட்டுக்குள்ளே. பாட்டில் மூடி மாதிரி மூடி வைத்த வீட்டுக்குள்ளே.

“மேடம், என் பொண்ணு பஸ்ல வந்துட்டிருக்கா. குழந்தையோட.”

இழைப்புளி போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். மணி போயிற்று. எடுக்கவில்லை. குழந்தைத் துணிக்கு அடியில் எங்காவது போனைத் திணித்திருப்பாள், எப்போதும் அப்படித்தான். மறுபடி கூப்பிடப் போனவரின் கையை அந்த அம்மா பிடித்தார். “வேணாம். ஒருவேளை உள்ள போயிருந்தா? அங்க எது மணி அடிச்சாலும், எந்த ஸ்விட்ச் போட்டாலும், அந்தப் பொறியே போதும்ணே.” இழைப்புளி போனைச் சுட்ட பாத்திரத்தைப் போடுகிற மாதிரி மேஜைமேல் போட்டார்.

திடல் முழுக்கச் சங்கு ஊதியது. ஆள்கள் ஓடினார்கள். தெருவுக்குள் வண்டியைக் கொண்டுபோகக் கூடாது, மேல்முனையிலேயே நிறுத்த வேண்டும், கதவைக் கையால்தான் தட்ட வேண்டும், யாரும் அழைப்பு மணியைத் தொடக் கூடாது என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். வண்டியில் இழைப்புளி இருக்கையின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். கண்ணுக்கு முன்னால் மகள் உள்ளே நுழைகிறாள், இருட்டாக இருக்கிறதே என்று சுவரில் கையை வைக்கிறாள். மறுபடி நுழைகிறாள், மறுபடி கையை வைக்கிறாள். பயம் அவரைத் தின்றது. ஊரில் எத்தனையோ சாமான்கள் செய்திருக்கிறார். மகளை இப்படிப் பெட்டியில் வைத்து மூடிய மாதிரி ஒரு கதவைச் செய்துவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தெருமுனையில் வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினார்.

மகள் வாசலில்தான் நின்றாள். இடுப்பில் குழந்தை. இன்னொரு தோளைக் கதவில் முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“கதவை விடு! கதவை விடும்மா!”

அவள் திரும்பினாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது. “என்ன கதவுப்பா செஞ்சு வெச்சிருக்கீங்க? சாவி திரும்புது, கதவு அசைய மாட்டேங்குது. எவ்வளவு நேரமா இந்தக் குளிர்ல புள்ளைய வெச்சுக்கிட்டு...”

அவர் அவளைப் பேசவிடவில்லை. குழந்தையை ஒரு கையிலும் அவளை ஒரு கையிலுமாகப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் ஓடினார். அவள் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. கிடங்கு ஆள்கள் நடு வீடுகளைத் தட்டி, இருந்த ஒன்றிரண்டு பேரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. திறக்கவில்லை. அந்தக் கதவு திறக்கவே இல்லை. இறுகிப் போன ஒரு கதவுக்காக அவர் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“என்னப்பா ஆச்சு? என் பை அங்கேயே கிடக்கு” என்றாள் மகள். “பஸ் ஸ்டாப்புலேர்ந்து மாமாதான் கடையை விட்டுட்டுத் தூக்கிட்டு வந்தாரு. அவரும் தள்ளிப் பாத்தாரு, முடியல. கீல்ல விட மெஷின் எண்ணெய் எடுத்துட்டு வரேன்னு இப்பத்தான் அவர் வீட்டுக்குள்ள போனாரு.”

இழைப்புளி தலையைத் தூக்கினார்.

இருட்டுவதற்கு முன்னால் தையல்காரர் கடையைவிட்டு வீட்டுக்கு வந்ததே கிடையாது. அதனால் அவரைப் பற்றி ஒரு கணம்கூட நினைக்கவில்லை. சரிவின் கீழ்முனையில் அந்தக் கடைசி வீடு தெரிந்தது. கதவு சாத்தியிருந்தது. காலையில் ஒற்றை விரலுக்கு அடங்கிய கதவு. உள்ளே போகிறவர் கையை எடுத்ததும் தன்பாட்டுக்குப் போய்ச் சாத்திக்கொண்டிருக்கும்.

குழந்தையை மகளிடம் திணித்துவிட்டு இறங்கி ஓடினார். பின்னால் அந்த அம்மா கத்துவது கேட்டது. “மச்சான்! வெளிய வா! வெளக்கைப் போடாத, மச்சான்!” தொண்டை கிழியக் கத்தினார். தெருவில் அது எதிரொலித்தது. வீட்டுக்குள் போயிருக்காது. சத்தம்கூட உள்ளே வராது என்று ரப்பர் பட்டை அடித்துக் கொடுத்தது அவர்தான். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பகல் என்றாலும் மூடிய வீட்டுக்குள் இருட்டாகத்தான் இருக்கும்; ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியைத் தேடுகிறவன் முதலில் எதைத் தேடுவான் என்று அவருக்குத் தெரியும். பாதித் தெருகூட ஓடவில்லை.

காற்று ஒரு சுவர் மாதிரி வந்து அவரைத் தூக்கி எறிந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது, அல்லது கேட்கவே இல்லை. எழுந்தபோது காதுக்குள் ஒரே இரைச்சல். கடைசி வீடு இருந்த இடத்தில் புகையும் செங்கல்லுமாக ஒரு குவியல், நடுவில் நீலமாக நெருப்பு. மேலே எங்கிருந்தோ துணித் துண்டுகள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. அதில் சின்னதாகச் சட்டைகளும் இருந்தன.

நடுத்தெருவில் அவர் காலுக்கு முன்னால் கதவு கிடந்தது. மூன்று கீலோடு, முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வந்து மல்லாந்து விழுந்திருந்தது. மேற்புறம் கரிந்து போயிருந்தது. காலையில் சீவிய விளிம்பு மட்டும் வெள்ளையாக, புத்தம் புதுசாக இருந்தது.

மகள் மேட்டிலிருந்து “அப்பா, அப்பா” என்று கத்திக்கொண்டே வந்தாள். அவருக்குக் கேட்கவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து, கட்டைவிரலை அந்த விளிம்பில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக ஓட்டினார். எங்கேயும் இடறவில்லை. வேலை சுத்தமாகத்தான் இருந்தது.